படைப்பு கற்றுத் தரப்படும்

போன வாரம் அச்சுக்கூடத்து இளவட்டங்கள் இரண்டு பேர் ஒரு மாதப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். பின்னட்டையில் ஒரு விளம்பரம். வீட்டில் இருந்தபடியே கதை எழுதக் கற்றுக்கொள்ளலாமாம். பணத்தை மட்டும் முன்னால் அனுப்பிவிட வேண்டுமாம். "கட்டலாமாய்யா? நீங்க ஒரு காலத்துல இந்த மாதிரிப் பள்ளிக்கூடத்துல வேலை பாத்தீகளாமே" என்று கேட்டார்கள். கேட்டதோடு விட்டார்களா? "அங்கன என்னமோ நடந்துச்சாமே" என்று ஒருத்தன் குரலைத் தாழ்த்தினான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கையும் காலும் ஒட்டவைத்து மற்றவர்கள் சொல்வதைவிட, நடந்ததை நானே எழுதிவிடுவது மேல் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என் வேலை இன்னதென்று சொல்ல வேண்டும். நான் எழுதுகிறவன் அல்ல, அச்சுக் கோக்கிறவனும் அல்ல. மூலம் படிக்கிறவன். யாராவது "என்ன வேலை பாக்குறீக?" என்று கேட்டு நான் "மூலம்" என்று சொன்னால், "ஐயோ பாவம், கருணைக்கிழங்கு சாப்பிடுங்க" என்பார்கள். எழுதிக் கொடுத்த தாளுக்கு மூலம் என்று பெயர். கோத்து எடுத்த தாள் புரூப். புரூப்பைப் பார்த்துப் பிழை திருத்துகிறவர் ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பார். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நான் மூலத்தை உரக்கப் படிப்பேன். சொல்லை மட்டுமல்ல, கமா, புள்ளி, கேள்விக்குறி, புதுப் பாரா எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு மானகிரியில் தச்சுவேலை செய்கிற வீடு. எனக்கு மரத்தூசி ஆகாது, இளைப்பு வந்துவிடும். "இந்தப் பய புடிச்சா உளியும் சேந்து இருமுது" என்று அப்பா என்னைக் காரைக்குடியில் ஓர் அச்சுக்கூடத்தில் கொண்டுவந்து விட்டார். அங்கே நான் கற்ற வித்தை ஒன்றுதான். படிக்கும்போது அர்த்தம் மனசில் ஏறக் கூடாது. ஏறினால் அடுத்து என்ன வரும் என்று மனம் ஊகிக்கும். ஊகித்தால் தாளில் இல்லாத வார்த்தை வாயில் வந்துவிடும். கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் எனக்கு ஒரே குரல்தான். பழக்கம் எப்படி முற்றிப் போனது என்றால், பக்கத்து வீட்டு அம்மாளுக்கு மகன் எழுதிய கடிதத்தைப் படித்துக் காட்டப் போய், "இங்கு யாவரும் நலம் கமா உங்கள் நலத்துக்கு எழுதவும் புள்ளி" என்று படித்திருக்கிறேன். "யாருடா அந்தக் கமலா? சொல்லாமக் கல்யாணம் முடிச்சுட்டானா?" என்று அந்த அம்மாள் தலையில் கை வைத்துவிட்டது.

ஐரோப்பாச் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சதாசிவம் பிள்ளை என்றொருவர் வந்தார். எழுத்து கற்றுக் கொடுக்கப் போகிறேன், பீசு முன்னாலேயே கட்டிவிட வேண்டும், கட்டினால் திருப்பித் தருவதில்லை என்றார். ஊர் சிரித்தது. வட்டிக்குக் கொடுப்பதை அறிந்த ஊர். எழுத்துக்குக் கொடுப்பதை எங்கே கண்டது? அச்சுக்கூடத்தில் நான் படிப்பதைக் கேட்டுவிட்டு, மத்தியான நேரங்களில் தன்னிடம் வரச் சொன்னார். "நீரு படிச்சா சாணியும் சந்தனமும் ஒண்ணுபோல இருக்குவே. எழுத்துல சரக்கு இருந்தாத்தான் தெரியும். எனக்கு அந்தத் தொண்டைதான் வேணும்" என்றார். பாராட்டா வசவா என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. கூலி கொடுத்தார், போனேன்.

பள்ளிக்கூடம் நடந்தது ஒரு பெரிய செட்டியார் வீட்டில். வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு ரங்கூனில். முன்கூடம் மட்டும் வாடகைக்கு. அதற்கு அப்பால் இரண்டாங்கட்டும் மூன்றாங்கட்டும் பூட்டிக் கிடந்தன. நான் படிக்கும்போது என் குரல் பூட்டிய கதவின் இடுக்கு வழியாக உள்ளே போய், ஒரு மூச்சு தாமதித்துத் திரும்பி வரும். நான் "கமா" என்றால் உள்ளேயிருந்து "மா" என்று வரும். பட்டப்பகல், வெளியே வெயில் கொளுத்துகிறது. ஆனாலும் அந்த "மா"வைக் கேட்கும்போது முதுகு ஒருமாதிரி ஆகும். பிறகு பழகிவிட்டது. காலி வீட்டில் குரல் திரும்பத்தான் செய்யும். ஆள் நிறைந்த கூடமாக இருந்தால் திரும்பாது. உடம்புகள் சத்தத்தைக் குடித்துவிடும். குரலை வைத்துப் பிழைத்த எனக்கு இது நன்றாகவே தெரியும்.

வாசலில் தொங்கிய பலகைதான் எல்லாவற்றுக்கும் காரணம். 'இலக்கியப் படைப்பு கற்றுத் தரப்படும்' என்று எழுதச் சொல்லியிருந்தார் பிள்ளை. பலகை எழுதியவர் இடம் போதவில்லை என்று இலக்கியத்தைக் கழற்றிவிட்டு, 'படைப்பு கற்றுத் தரப்படும். கட்டணம் முன்கூட்டியே' என்று எழுதித் தொங்கவிட்டுவிட்டார். பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "கெடக்கட்டும், சுருக்கமா இருக்கு" என்று உள்ளே போய்விட்டார்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துச் செட்டியார் வீடுகளில் படைப்பு என்றால் கதையும் இல்லை, கவிதையும் இல்லை. குடும்பத்தில் இறந்து போனவர்களுக்காகப் பங்காளிகள் கூடி, புதுத்துணி வைத்து, இலை போட்டுப் பரிமாறி, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பார்கள். உள்ளே அவர்கள் வந்து சாப்பிட்டுப் போவதாக நம்பிக்கை. அதற்குத்தான் படைப்பு என்று பெயர். அதைக் கற்றுத்தரப் பீசு என்று பலகை தொங்கினால் தெருவில் போகிறவன் சிரிக்க மாட்டானா? நானும் சிரித்தேன்.

பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் மூன்று பேர். ஒரு லேவாதேவிக்காரரின் மகன், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், நாச்சியாபுரத்திலிருந்து வரும் ஒரு தபாலாபீஸ் குமாஸ்தா. பிள்ளை அவர்களுக்குக் கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று: "ஒரு ஆளு சாப்பிடுதத எழுதிக் கொண்டாங்க. வேற மயிரும் வேண்டாம்." இரண்டு படி எழுதி வர வேண்டும். ஒன்றை நான் உரக்கப் படிப்பேன். இன்னொன்றைப் பிள்ளை மடியில் வைத்துக்கொண்டு விரல் வைத்துத் தொடர்வார். பொய்யான இடம் வந்தால் பொடிடப்பியால் மேசையில் ஒரு தட்டு. டொக். அவ்வளவுதான். ஏன் தட்டினார் என்று சொல்ல மாட்டார். எழுதியவரே கண்டுபிடித்து, அடுத்த முறை வேறாக எழுதி வர வேண்டும்.

லேவாதேவி மகன் சாப்பாட்டுக்கு நடுவில் நிலாவைக் கொண்டுவந்தான். டொக். வாத்தியாருடைய ஆள் கவளத்துக்குக் கவளம் திருக்குறள் சொன்னான். டொக், டொக். வாரக்கணக்கில் இதே பாடம். "காசுக்கேத்த தோசைம்பாக. இங்க காசக் கட்டியும் மாவுதான் இருக்கு" என்று வாத்தியார் என்னிடம் புலம்பினார். "சுடுறது உங்க வேலை போலருக்கு சார்" என்றேன். பின்னாளில் லேவாதேவி மகன் அப்பாவின் கடைக்கே போய்ச் சேர்ந்தான். வாத்தியார், தனக்கு எழுத வராது என்று தெரிந்துகொள்ளக் கொடுத்த பணம் அது, தண்டமில்லை என்றார். குமாஸ்தாவின் கதை ஒன்று பத்திரிகையில் வந்தது. பணம் கட்டியவர்களின் கதி இதுதான். நாலாவதாக வந்தவரைப் பற்றித்தான் ஊர் பேசுகிறது.

ஒரு நாள் உச்சிவேளைக்கு வாசலில் கூண்டுவண்டி வந்து நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆச்சி இறங்கினார். கண்டாங்கிச் சேலை, காதில் வைரத்தோடு, முகத்தில் மட்டும் சதையில்லை. பலகையை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, இங்கனதானே படைப்பு?"

"ஆமா ஆச்சி, வாங்க. உள்ள வந்து இருங்க."

"ஒக்கூர்லேர்ந்து வாரேன். எம் மகளுக்குச் செய்யணும். பங்காளிக இல்லாட்டியும் செய்வீகள்ல?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சிரிப்பு வரவில்லை. "ஆச்சி, இது வேற. கதை எழுதப் பழக்குற இடம். பலகை எழுதுனவன் மாத்தி எழுதிப்புட்டான்" என்றேன்.

அவர் என்னை நம்பவில்லை. விஷயத்தைக் கொட்டினார். ஒரே மகள், மீனாள். கட்டிக் கொடுத்து ஒரு வருஷம் முடியுமுன் காய்ச்சலில் போய்விட்டாள். மாப்பிள்ளை வீட்டில் படைப்பு வந்தபோது, வாழ்ந்து முடிக்காதவளை எங்கள் படைப்பில் சேர்க்க மாட்டோம் என்றார்களாம். பிறந்த வீட்டுப் பங்காளிகளோ, கட்டிக் கொடுத்த பிள்ளைக்கு நாம் எப்படிச் செய்வது என்று கையை விரித்துவிட்டார்கள்.

"அங்குட்டும் இல்லை இங்குட்டும் இல்லைன்னு எம் புள்ள நடுவுல நிக்கிறா தம்பி. நான் சோத்துல கை வச்சா இரண்டாங்கட்டுக் கதவோரம் வந்து நிக்கிறா. கொலுசுச் சத்தம் கேக்குது. பசியோட ஒரு புள்ள பாத்துக்கிட்டு நிக்கையில எனக்கு எப்படி எறங்கும்? சோறு தின்னு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? ஏதோ கஞ்சித்தண்ணில உசுரு ஓடுது."

அவர் கழுத்தெலும்பைப் பார்த்தால் அது பொய்யில்லை என்று தெரிந்தது. இந்த அம்மாள் இப்படியே போனால் மகளைத் தேடிக்கொண்டு போய்விடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது. மறுபடியும், "ஆச்சி, இங்க எழுதத்தான் கத்துக் குடுப்பாக" என்றேன்.

"எழுதுனா என்ன, எலை போட்டா என்ன? படைப்புன்னுதானே போட்டிருக்கீக? ரூவா வாங்குறீகள்ல?" என்றார்.

பிள்ளை கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். "உங்களுக்கு எழுதத் தெரியுமா?" என்றார்.

"கணக்கெழுதுவேன், காயிதம் எழுதுவேன்."

"போதும். பீசக் கெட்டுங்க."

ஆச்சி முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தைக் கட்டினார். பாடத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வண்டி தெருமுனை திரும்புகிற வரைதான் நான் பொறுத்தேன். "என்னய்யா மனுஷன் நீங்க? எரியிற வீட்டுல புடுங்குனது ஆதாயமா? புள்ளையப் பறிகொடுத்த பொம்பளைகிட்டப் போயி பீசா?" என்று கத்திவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது.

பிள்ளை பொடியை உறிஞ்சிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "வாங்காம இருந்தா என்ன செய்வேன்? நாலு வார்த்த ஆறுதல் சொல்லி வண்டி ஏத்தி விட்டிருப்பேன். இப்பத் துட்டு வாங்கிட்டேம்லா. இனி அந்தம்மாவுக்குக் கத்துக் குடுத்துத்தானவே ஆகணும். என் தலையில ஏறிட்டு." எனக்குக் கோபம் தீரவில்லை.

அடுத்த வாரம் ஆச்சி தாளோடு வந்தார். படித்தேன். வெள்ளைப் பணியாரம், கும்மாயம், கத்திரிக்காய் மண்டி, பாயசம் என்று பெரிய வீட்டுப் படைப்பில் வைப்பதையெல்லாம் வரிசையாக எழுதியிருந்தார். பிள்ளை தட்டிக்கொண்டே இருந்தார். மற்றவர்களிடம் பேசாத மனிதர் ஆச்சியிடம் மட்டும் வாயைத் திறந்தார்.

"கத்திரிக்கா திம்பாளா உங்க மக?"

"தொட மாட்டா."

"பெறவு எதுக்கு வச்சிருக்கு?"

"வைக்கணுமே. நாலு பேரு என்ன சொல்வாக?"

"நாலு பேரா சாப்பிடப் போறாவ?"

ஆச்சிக்குக் கோபம் வந்து தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். இனி வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். ஒவ்வொரு வாரமும் தாளில் பலகாரங்கள் குறைந்தன, மகள் கூடினாள். முதலில் மகாலட்சுமி போல் உட்கார்ந்து சாப்பிட்டவள் பிறகு முகத்தைச் சுளித்தாள், பிறகு தரையில் சிந்தினாள். டொக் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. மற்ற மூவரும் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். லேவாதேவி மகன்கூட, ஆச்சி வந்தால் எழுந்து பாய் விரித்துப் போட்டான்.

ஆனால் ஆச்சி நாளுக்கு நாள் உருகிக்கொண்டு வந்தார். வண்டியிலிருந்து இறங்க வண்டிக்காரர் கைகொடுக்க வேண்டியிருந்தது. "இன்னும் நிக்கிறா தம்பி. முன்னைக்கு இப்பக் கிட்டத்துல" என்றார் என்னிடம். நான் பிள்ளையிடம், "போதும்யா, இந்தம்மா செத்துப் போயிரும்" என்றேன். அவர் முகத்திலும் பயத்தைப் பார்த்தேன்.

கடைசியாக ஆச்சி கொண்டுவந்தது ஒரே ஒரு தாள். அதிலும் முக்கால் பக்கம்தான். கமா இல்லை, புள்ளி இல்லை. ஆச்சிக்குக் குறி போடும் பழக்கமே கிடையாது. முந்தைய தாள்களில் நானே மூச்சு விட இடம் பார்த்து நிறுத்திக்கொள்வேன். இதில் நிறுத்த இடமே கிடைக்கவில்லை. என் வழக்கமான குரலில் தொடங்கினேன்.

"மீனா ஒக்காந்துட்டா மணையில இல்ல வெறுந்தரையில மணை போடுன்னா கேக்க மாட்டா சோத்துல குழி பறிச்சுக் கொழம்ப ஊத்துவா பறிக்கிறது எடக்கையி நான் மணிக்கட்டுல ஒண்ணு போடுவேன் சோத்துக்கைக்கு மாத்துவா நான் அங்குட்டுத் திரும்புனதும் மறுபடி எடக்கையி கத்திரிக்காயத் தள்ளி வச்சிருவா தள்ளுனத ஆரும் தொடக் கூடாது கடைசியில மோருஞ்சோறு அதுக்கு மாங்கா இருந்தாகணும் இல்லாட்டி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிருவா நேத்து மாங்கா இருந்துச்சு"

பாதியிலேயே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. என்னவென்று பிடிபடச் சற்று நேரம் ஆயிற்று. என் குரல் திரும்பி வரவில்லை. பூட்டிய கதவு இடுக்கில் போன சத்தம் உள்ளேயே நின்றுவிட்டது. அந்தப் பக்கம் கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் எப்படியோ, அப்படி. நிறுத்தலாம் என்றால் நிறுத்தப் புள்ளி இல்லை. பிள்ளையின் பொடிடப்பி ஒருமுறைகூடத் தட்டவில்லை. நான் படித்துக்கொண்டே போய், தாள் முடிந்த பிறகும் அதே குரலில், அதே மூச்சில் சொன்னேன்:

"ஆத்தா உப்பு."

பிள்ளை விரலைத் தாளில் வைத்தபடி நிமிர்ந்தார். "மூலத்துல இல்லையேவே" என்றார்.

பார்த்தேன். இல்லை. 'இருந்துச்சு' என்பதற்குக் கீழே வெறும் தாள்தான். மூலத்தில் இல்லை என்று என் வேலையில் அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. மோருஞ்சோறு என்றதும் மனசு உப்பை ஊகித்துவிட்டது என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் தாயை அம்மா என்போம். செட்டியார் வீட்டுப் பிள்ளைகளைப் போல ஆத்தா என்று கூப்பிட்டு என் நாக்குக்குப் பழக்கமே இல்லை.

ஆச்சி மட்டும் திடுக்கிடவில்லை. அடுப்படியிலிருந்து தினமும் பதில் சொல்கிறவரைப் போல, "இந்தா வாரேன்" என்று சட்டென்று எழுந்தார். எழுந்த பிறகுதான் இது தன் வீடில்லை என்று தெரிந்து சுற்றுமுற்றும் பார்த்தார்.

"தம்பி, உப்பு இருக்கா?"

மூலையில் என் தூக்குச்சட்டி இருந்தது. மத்தியானத்துக்கு வீட்டில் கொடுத்துவிட்ட மோர்விட்ட சோறு, மேலே வதக்கின கத்திரிக்காய், இலைத்துணுக்கில் மடித்த கல்லுப்பு. சட்டியோடு எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பெரிய வீட்டு ஆச்சிமார் எங்களைப் போன்றவர்கள் வீட்டுச் சோற்றில் கை நனைப்பதில்லை. அந்த நேரத்தில் அவருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஆச்சி உப்பைப் பிரித்து, எழுதிய தாளைச் சட்டிக்குப் பக்கத்தில் விரித்து, அதன் ஓரத்தில், இலையில் உப்பு வைக்கிற இடத்தில், வைத்தார்.

"எல்லாரும் கொஞ்சம் வெளியில நில்லுங்க" என்றார். "படைப்பு வச்சா உள்ள ஆரும் இருக்கப்படாது."

யார் சொல்லையும் கேட்காத பிள்ளைதான் முதலில் செருப்பைத் தேடினார். நாங்கள் ஐந்து பேரும் தெருவில் இறங்கி வெயிலில் நின்றோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பழைய வாசல் கதவு, முழுக்கச் சாத்தவில்லை. ஒரு சாண் இடுக்கு இருந்தது. ஆச்சியும் பின்னாலேயே வந்து வெளியே நிற்பார் என்று எதிர்பார்த்தேன். அதுதானே முறை? அவர் வரவில்லை. வெகுநேரம் சத்தமே இல்லை. பட்டினி உடம்பு, மயங்கி விழுந்திருப்பாரோ என்று எனக்குத் திக்கென்றது. மெல்ல ஏறி இடுக்கில் பார்த்தேன்.

ஆச்சி பாயை விட்டு இறங்கி வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார். கத்திரிக்காயெல்லாம் மூடியில் தள்ளியிருந்தது. அவர் சோறு தின்றுகொண்டிருந்தார். அவசர அவசரமாக, கன்னம் உப்ப, சின்னப் பிள்ளைகள் தின்கிற மாதிரி. எடுத்து ஊட்டிக்கொண்டிருந்தது இடது கை.

திடீரென்று வலது கை எழுந்து அந்த மணிக்கட்டில் ஒன்று போட்டது. இடது கை சட்டியின் மேல் அப்படியே நின்றது. ஆச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அடித்த கையாலேயே அடிபட்ட இடத்தைத் தடவிக் கொடுத்தார்.

"இல்லத்தா, இல்ல. இனிமே அடிக்க மாட்டேன். நீ எந்தக் கையில வேணுமோ அந்தக் கையில தின்னு."

இடது கை மறுபடி சோற்றுக்குள் போனது. எனக்குப் பின்னால் நின்ற சதாசிவம் பிள்ளை கையை நீட்டி, சத்தமில்லாமல் கதவை இழுத்துச் சாத்தினார்.